கழுத்தில் முத்துப் போட்ட வண்டி

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்ட மறுநாள் காலையில், என் மாப்பிள்ளையுடைய மோட்டார் சைக்கிள் சேஸுக்கு அம்மை போட்டிருந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். பட்டறை வாசலைக் கூட்டிவிட்டுக் கோலப்பொடி டப்பாவை எடுக்க உள்ளே போனவள், சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த அந்த இரும்புக் கூட்டின் கழுத்தில், ஹேண்டிலைச் சொருகுகிற குழாயைச் சுற்றி, துவரம்பருப்புப் பருமனில் முத்துமுத்தாகப் பொங்கியிருப்பதையும், ஒவ்வொரு முத்தின் உச்சியிலும் மஞ்சளாக ஒரு கண் திறந்திருப்பதையும், ஒரு ஈ அதன்மேல் உட்கார்ந்து நிதானமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். பெற்ற பிள்ளைகள் இரண்டுக்கும் அம்மை வார்த்தபோது பாயோரமே கிடந்தவள் நான். அதனால் இது இன்னதென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன். தாயே வந்துட்டியா என்று கும்பிட்டேன். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

எங்களுடையது லாரி கட்டுகிற ஊர். தெருவில் வீட்டுக்கு வீடு வெல்டிங் சத்தம்தான். என் மகன் நல்லசிவம் மட்டும் லாரிப் பக்கம் போகாமல், யாரோ எறிந்த பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, அது எந்த வருசத்து வண்டி, எந்த எலும்பு எதோடு சேர்ந்தது என்று கண்டுபிடித்து, பழையபடி ஆக்கிக் கொடுப்பதைத் தொழிலாக வைத்திருக்கிறான். அவன் தங்கை மைதிலியைக் கட்டிக் கொடுத்த இடம் பக்கத்து ஊர், பைனான்ஸ் வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை பேர் லோகநாதன். அவர்தான் மாசி மாதத்தில் ஒரு டெம்போவில் இந்தச் சேஸைக் கொண்டுவந்து இறக்கினார். எந்தக் காலத்திலோ எவனோ வெளிநாட்டு வண்டி மாதிரி தெரிய வேண்டுமென்று கழுத்தை வெட்டி முன்னால் நீட்டி, வாலை நறுக்கிக் குட்டையாக்கி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான்.

"மச்சான், இத பழையபடி ஆக்கிக் குடுங்க. கம்பம் எடுக்கற அன்னிக்கு மைதிலியப் பின்னால உக்கார வெச்சுக் கோயிலுக்கு வரணும். நம்ம பைனான்ஸ்காரங்க அத்தன பேரும் வர்றாங்க. ஆனா கழுத்துல மட்டும் பெயிண்ட சொரண்டிராதீங்க. பழைய பெயிண்டு இருந்தாத்தான் மதிப்பு" என்றார்.

அவர் டீ குடித்துவிட்டுப் போனதும் நல்லசிவம் ஒரு ஸ்பேனரை எடுத்துச் சேஸைத் தட்டிக்கொண்டே வந்தான். கீழ்க் குழாய் ணங்கென்றது. பக்கத்துக் குழாயும் ணங்கென்றது. கழுத்துக்கு வந்ததும் பரங்கிக்காயைத் தட்டின மாதிரி தொப்பென்றது.

"கேட்டியாம்மா? இது ஒரு வண்டியே இல்ல. முன்பாதிக் குழா தடிமன், பின்பாதிக் குழா சன்னம். ரெண்டு வண்டியோட எலும்ப வெட்டி ஒட்டியிருக்கான். நம்பர் அடிச்ச தகடு மூணாவது வண்டியோடது, எழுத்தே வேற மாதிரி இருக்குது. கழுத்துல வெல்டிங்கே சரியாப் புடிக்கல. பெயிண்டுக்கு அடியில பட்டி வெச்சு மொழுகியிருக்குது. பள்ளத்துல ஒரு தடவ எறங்கி ஏறுனா கழுத்து தனியா வந்துரும்."

"ஐயோ, மைதிலி உக்காருவாளேடா. மாப்பிள்ளகிட்டச் சொல்லீரு."

"நீயே சொல்லு. போன தீவாளிக்கு மோதரம் கொஞ்சம் லூசா இருக்குதுங்களான்னு கேட்டதுக்கே, ரெண்டு மாசம் அவள இங்க அனுப்பல."

உண்மைதான். அவன் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் லாரியோடு வடக்கே எங்கேயோ இருந்தார். லோடு இறக்குகிற சத்தத்துக்கு நடுவில், "மாப்பிள்ள மனசு கோணாமப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளையிடம் எதையும் நேராகச் சொல்லி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. அவர் இலையில் உப்புக் குறைந்திருந்தால் நாங்கள்தான் நாக்கைத் திருத்திக்கொள்வோம். ஆகவே சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து, தாயே நீயே இதற்கு ஒரு வழி சொல்லு, என் வாயால் முடியாது என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் கம்பம் நட்டார்கள், மறுநாள் முத்துப் போட்டது.

கோயில் பண்டாரம் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சேஸைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆத்தாதானுங்க. சந்தேகமே வேண்டாம். சின்னம்மையா, விளையாட்டம்மையான்னு ரெண்டு நாள் போனாத் தெரியும். யாரும் கிட்டப் போயி இரும்பு கிரும்பு படாமப் பாத்துக்கங்க" என்றார்.

"இரும்புக்கே வந்திருக்குதுங்களே" என்றான் நல்லசிவம்.

"அதனாலதான் சொல்றன், தம்பி. பேச்சக் கொறைங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அம்மை போட்ட வீட்டுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்ய ஆரம்பித்தார்கள். பட்டறை வாசலில் வேப்பிலை கட்டினார்கள். தெருவில் யாரும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, கடுகு தாளிக்கவில்லை. வெல்டிங் வெளிச்சம் ஆத்தாவுக்குக் கண் கூசும் என்று எதிர்ப் பட்டறைக்காரர்கள் மிசினை அணைத்துப் படுதா போட்டு மூடினார்கள். பாதி கட்டின லாரிகள் எலும்போடு வரிசையாக நின்றன. மஞ்சள் சேலை கட்டிக் குடத்தில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கோயில் கம்பத்துக்கு ஊற்றப் போகிற பெண்கள், போகிற வழியில் சங்கிலியில் தொங்குகிற சேஸையும் பார்த்தார்கள். அதுவும் கம்பம் மாதிரியேதான் கிளை பிரிந்து நின்றது. ஒருத்தி பாதிக் குடத்தை இங்கே ஊற்றினாள். மறுநாள் எல்லோரும் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற நல்ல குழாயிலும் துரு ஏறி, செம்மண் கலந்த மாதிரி தண்ணீர் வாசலில் ஓடியது.

"அம்மா, நிறுத்தச் சொல்லும்மா! முத்து கொல்லாட்டியும் துரு கொன்னுரும்!" என்று நல்லசிவம் தலையில் கை வைத்துக்கொண்டான். யார் நிறுத்துவது?

நாலைந்து நாளில் முத்துகள் பழுத்தன. சொல்லவே கூசுகிறது. கெட்டுப்போன முட்டையையும் வருசக்கணக்கில் கிடந்த கிரீஸையும் சேர்த்துக் கரைத்த மாதிரி ஒரு வாடை, சேலை மடிப்பிலும் தலைமயிரிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. முத்து உடைந்து மஞ்சளாக, நூல்நூலாக இழுபட்டு, சொட்டாமல் தொங்கும். ஈ பறக்கக்கூட முடியாமல் அதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். என்னால் தயிர் ஊற்றிச் சாப்பிட முடியவில்லை. இட்லி மாவு பொங்கியிருப்பதைப் பார்த்தாலே வாயை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். தாயே, உன்னைப் பார்த்துக் குமட்டுகிறதே, இது என் பாவமா என்று அழுதேன்.

ஆனால் என்னைத் தவிர யாருக்கும் குமட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. எதிர்வீட்டுச் சரோஜா குங்குமச் சிமிழைக் கழுவிக்கொண்டுவந்து அந்தச் சீழை வழித்து எடுத்துப் போனாள், பீரோவில் வைத்தால் நல்லதாம். லாரி டிரைவர்கள் சாவியை அதில் தொட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஒருத்தர் பேசாத குழந்தையைத் தூக்கிவந்து, விரலால் தொட்டு அதன் நாக்கில் வைத்தார். குழந்தை முகத்தைச் சுளித்து வீலென்று கத்தியது. "பாருங்க, சத்தம் வந்திருச்சு!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. அந்தக் கூட்டத்தில் அந்தக் குழந்தைக்கு மட்டும்தான் என் வயிறு இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் மாப்பிள்ளை. சேதி கேட்டதும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மைதிலியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சேஸ் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். வருகிறவர்களுக்கு வெற்றிலைக் காம்பால் அந்தச் சீழைத் தொட்டு நெற்றியில் அவரே இட்டுவிட ஆரம்பித்தார்.

"எத்தனையோ பேரு எத்தனையோ வண்டி வெச்சிருக்கறான். எவன் வண்டிக்காச்சும் ஆத்தா வந்தாளா?" என்பார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, அதே விரலால் நான் கொடுத்த பலகாரத்தை எடுத்து வாயில் போடுவார். நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன்.

மைதிலி சமையலறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"பயமா இருக்குதும்மா."

"உக்கார மாட்டேன்னு சொல்லீரு, கண்ணு."

"சொன்னனே. 'உங்க அண்ணனுக்கு வேல தெரியலீன்னு சொல்லு, ஆத்தா வந்த வண்டிய அபசகுனமாப் பேசாத'ன்னாங்க. உக்காரலீன்னா அத்தன சனத்துக்கு முன்னால அவங்கள அசிங்கப்படுத்துன மாதிரியாம்." பிறகு, "நீ எனக்கு ஆடிக்கு எடுத்துக் குடுத்தியே பாசிப்பச்சச் சேல, ரோசாப்பூக் கரை போட்டது, அதத்தான் அன்னிக்குக் கட்டலாம்னு இருந்தேன். கொடியில காயப்போட்டது காணோம். காத்து கொண்டு போயிருச்சுங்கறாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் நல்லசிவம் துணிந்துவிட்டான். எல்லோரும் இருக்கும்போதே சேஸின் முன்னால் போய் நின்றான்.

"மாப்பிள்ள, ஒரு நிமிசம் பாருங்க. முத்து எங்கெங்க போட்டிருக்குதுன்னு பாருங்க. கழுத்தச் சுத்தி ஒரு வளையம். வால்ல ஒரு வளையம். நம்பர்த் தகட்டச் சுத்தி ஒரு சதுரம். வேற எங்கயாச்சும் ஒண்ணு இருக்குதா? வெட்டி ஒட்டுன எடத்துல மட்டுந்தான் போட்டிருக்குது. விரிசலத் தேட நாங்க மண்ணெண்ணெயத் தடவித் தொடச்சிட்டு, மேல சாக்பீசுப் பொடி பூசுவோம். விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் வெளிய வந்து கோடு காட்டும். இங்க ஆத்தாளே காட்டீட்டா. கழுத்த அறுத்து, உள்ள வேற குழா சொருகி, புதுசா வெல்டிங் வெக்கோணும். அது வரைக்கும் இதுல யாரும் ஏறக் கூடாது."

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆத்தா வந்த ஒடம்புல நெருப்பு வெக்கறன்ங்கறாரு, கேட்டீங்களா?"

கூட்டம் ஒரே குரலாக முணுமுணுத்தது. பண்டாரம், "அது ஆகாதுங்க தம்பி. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் நெருப்பே காட்டக் கூடாது. ஊத்துனதுக்கப்புறம் நேராக் கோயிலுக்கு வந்து கும்பிட்டுட்டுத்தான் மத்தது" என்று முடித்துவிட்டார். ஏறி உட்கார்ந்து ஓட்டிவந்து கும்பிட வேண்டுமென்பது எப்படி வழக்கமாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளில் மாப்பிள்ளையே வேறு மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து, இஞ்சினையும் சக்கரத்தையும் டேங்கையும் அந்தச் சீழ் வழிகிற எலும்பின்மேல் பூட்டினார். வேப்பிலையால் ஜோடித்த வண்டி, முத்துகள் காய்ந்து பொருக்குத் தட்டிப்போன கழுத்தோடு, மணமாலைக்குக் காத்திருக்கிற கிழவன் மாதிரி நின்றது.

திருவிழா முடிந்து கம்பம் எடுக்கிற நாள் வந்தது. தெருவே அடைத்துக் கூட்டம். பைனான்ஸ்காரர்கள் செண்ட் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். மைதிலி வேறொரு பட்டுச் சேலை கட்டி வாசலில் நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. நான் வண்டியைப் பார்க்கவில்லை. அவள் ஏறி உட்காரப் போகிற அந்தப் பின்சீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியது வீட்டுப் பெரிய பொம்பளை. அதை யாரும் மாற்ற முடியாது, மாப்பிள்ளையும் முடியாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த உருண்டையோடு நான் போய் நின்றேன். குமட்டியது. தாயே தாயே என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடி, அந்தப் பொருக்குகளின்மேல் கையை வைத்தேன். பிள்ளைகளுக்குச் செய்தபோது பூ மாதிரித் தடவினேன். இதற்கு அப்படிச் செய்யவில்லை. அழுத்தித் தேய்த்தேன்.

"அத்த, மெதுவா" என்றார் மாப்பிள்ளை.

"சுத்தமா ஊத்தலீன்னாத் திரும்ப வருமுங்க, மாப்பிள்ள."

தேய்க்கத் தேய்க்கப் பொருக்கு உதிர்ந்தது. பொருக்கோடு பெயிண்ட் உதிர்ந்தது. பெயிண்டோடு, ஊறிப்போன பட்டி சாணி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து என் கையில் நிறைந்தது. அதற்கடியில் இரும்பு இருக்கவில்லை. வாய்தான் இருந்தது. கழுத்தைச் சுற்றி முக்கால்வாசிக்குப் பிளந்த வாய். என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று. மெத்தென்று எதுவோ பட்டது. விரலைக் கொக்கியாக வளைத்து இழுத்தேன். ஒரு துணி முனை வந்தது. இழுத்தேன். சீழில் ஊறி, கறுத்து, புழு நெளிகிற மாதிரி நெளிந்துகொண்டு, முழம் முழமாக, ஒரு வண்டியின் கழுத்துக்குள் எப்படி இவ்வளவு இருந்ததென்று தெரியாதபடி, என் கால்மேல் குவியக் குவிய வந்துகொண்டே இருந்தது. வாடை எழும்பியதில் பைனான்ஸ்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். இத்தனை நாளும் நெற்றியில் இட்டுக்கொண்டவர்கள் அப்போதுதான் காறித் துப்பினார்கள். கடைசி முழத்தில் கறை ஏறவில்லை. அது பாசிப்பச்சையாக இருந்தது. ஓரத்தில் ரோசாப்பூக் கரை.

மைதிலி வாசற்படியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"காத்து கொண்டு போயிருச்சுன்னீங்களே" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாங்கும்போதே கழுத்து பிளந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஏமாந்துவிட்டோமென்று கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடும் என்று, பெண்டாட்டி சேலையைக் கிழித்து ஓட்டைக்குள் திணித்து, மேலே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டு, சுரண்டாதீர்கள் மச்சான் என்றும் சொல்லியிருக்கிறார். அப்புறம் அதே வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவும் சொல்லியிருக்கிறார்.

அதுவரை சீழைப் பார்த்து வந்த குமட்டல் எனக்கு நின்றுபோயிற்று. அதைவிட மோசமான ஒன்று எனக்கு எதிரே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றது. நான் யாரையும் ஏசிப் பழகினவள் அல்ல. அந்தத் துணிக்குவியலை இரண்டு கையாலும் அள்ளினேன்.

"மாப்பிள்ள, கைய நீட்டுங்க. பிரசாதமுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இத்தனை நாளாக ஊருக்குக் கொடுத்த பிரசாதம். வேண்டாமென்று எப்படிச் சொல்வார்? இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். வாங்கினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தானே வேண்டும்? நான் அங்கேயே நின்றேன். அவர் ஒற்றிக்கொண்டார். பிறகு ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்துகொண்டு, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வெளியே எடுத்தார். முதல்முறையாக அவரும் மனுசன்தான் என்று எனக்குத் தோன்றியது.

அவர் கீழே போட்ட துணியைப் பண்டாரம் கழியால் எடுத்தார். கம்பத்தைப் போடுகிற கிணற்றிலேயே இதையும் போடப்போகிறார் என்று நினைத்தேன். சரோஜா, "சாமி, எனக்கொரு துண்டு குடுங்க, வாசல் நெலையில கட்டோணும்" என்றாள். "எனக்குமுங்க, எனக்குமுங்க" என்று துப்பினவர்களே திரும்பி வந்தார்கள். அவர் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ச் சீயக்காய் போட்டுக் கை கழுவினேன். இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றியாகிவிட்டதால் நெருப்புக்குத் தடை இல்லை. நல்லசிவம் வண்டியைப் பிரித்தான். துருவை முழுக்கச் சுரண்டி எடுத்தான். தட்டையான இரும்பு மேசையில் சேஸைப் படுக்க வைத்து நூல் பிடித்து நேர் பார்த்து, கழுத்தையும் வாலையும் அறுத்து, சன்னமான பின்குழாய்களைத் தூக்கி எறிந்துவிட்டு, முன்பாதிக்குச் சேர்ந்த தடிமனிலேயே குழாய் தேடிப்பிடித்து, உள்ளே குழாய் சொருகி வெல்டிங் வைத்தான். கொஞ்சம் வைப்பான், தானாக ஆறும்வரை காத்திருப்பான், மறுபடி வைப்பான். குடத்தோடு வந்த ஒருத்தியைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான். கடைசியில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசி என்னைக் கூப்பிட்டான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, ஒரு கோடு இல்லை. அந்த மூன்றாவது வண்டியின் தகட்டையும் கழற்றித் தனியாக வைத்து, "இத ஆர்.டி.ஓ. ஆபீசுல காட்டி, உள்ளது உள்ளபடி சொல்லி எழுதி வாங்கற வரைக்கும் ரோட்டுல எறக்கக் கூடாது" என்று மாப்பிள்ளை முகத்துக்கு நேராகவே சொன்னான். அவரும் போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். பெயிண்ட் மட்டும் கழுத்தில் சமமாக நிற்கவில்லை. எத்தனை கை அடித்தாலும் அம்மைத் தழும்பு குழிகுழியாகத் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அதுவரை மைதிலி என்னோடுதான் இருந்தாள். வண்டி எடுக்கிற அன்று மாப்பிள்ளை வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "போலாமா?" என்று அவளைப் பார்க்காமல் கேட்டார்.

மைதிலி வண்டியிடம் போனாள். கழுத்தைச் சுற்றி, அந்தக் குழிகளின்மேல் விரலை மெதுவாக ஓட்டினாள். விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள்.

"என்ன கண்ணு?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. இரும்பு வாசந்தான். அண்ணன் நல்லாப் பண்ணியிருக்குது."

பிறகு புருசன் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கை அவள் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மூக்கை லேசாகச் சுளித்தாள். அப்புறம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வண்டி ஆயிருச்சுங்க. நீங்க அதுல போங்க. நான் பின்னால பஸ்சுல வர்றன்."

அவர் வண்டியில் ஏறி உதைத்தார். வண்டி கிளம்பிற்று. மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிற்று, கழுத்து அசையவே இல்லை. அதன் பின்னாலேயே பஸ் போயிற்று. சன்னலோரம் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.